மனத்தை அளக்கும் கருவிக்கும் சுழிப்பிழை உண்டு



வெர்னியர் அளவியை முதன்முதலாகக் கையில் எடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பொருளை வைத்து அளந்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆசிரியரோ, "பொருளை அப்புறம் வை, முதலில் இரண்டு தாடைகளையும் சேர்த்துச் சுழிப்பிழை இருக்கிறதா பார்" என்பார். தாடைகள் ஒன்றையொன்று தொடும்போது இரு அளவுகோல்களின் சுழிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்காவிட்டால், நாம் எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை தவறாகவே வரும். பொருளின் மீதும் குற்றமில்லை, அளப்பவர் மீதும் குற்றமில்லை; கருவியிலேயே பிழை இருக்கிறது.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் நானும் இதையே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் மனிதரின் நினைவாற்றலை அளக்கும் கருவிக்கும் சுழிப்பிழை உண்டு என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் எனக்கு உணர்த்திற்று. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் பொறுப்பு யாருடையது? இதைப்பற்றி எனக்குத் திடமான ஒரு கருத்து உண்டு. அதை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியம்மாவின் சீட்டு

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே உள்ள பகுதி அது. என்னை வளர்த்த பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். மதுராந்தகத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுவிட்டது. எனினும் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து போடும் மாதச் சீட்டை நடத்தி வந்தவர் அவர்தான். யார் சீட்டு எடுத்தாயிற்று, யார் பாக்கி, யார் அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அவர் வாய்க்கணக்கு. நோட்டுப் புத்தகம் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன், தமது எழுபத்திரண்டாம் வயதில், அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. கையும் காலும் சில வாரங்களில் தேறிவிட்டன. பேச்சில் மட்டும் ஒரு தயக்கம் நின்றுவிட்டது. "தம்பி, அந்த... அதை எடுடா" என்பார், 'கரண்டி' என்ற சொல் வெளியே வர நேரமாகும். ஒரு மருத்துவமனையில் அவருக்கு நினைவாற்றல் சோதனை செய்தார்கள். ஓர் இளைஞர் அச்சடித்த தாளைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார். மேலை நாட்டில் உருவான சோதனையின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அது.

"இன்றைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

"வைகாசி பத்து" என்றார் பெரியம்மா. அது சரியான விடை. ஆனால் தாளில் எதிர்பார்த்தது மே மாதத் தேதியை. ஆகவே மதிப்பெண் இல்லை.

"இது என்ன பருவம்?"

"கத்திரி." அதற்கும் மதிப்பெண் இல்லை.

ஒரு சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். பெரியம்மா விழித்தார். பிறகு படங்கள். குளிர்நாட்டு ஆறுகளில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் படத்தைக் காட்டியதும், "பெருச்சாளி" என்றார். எஸ்கிமோக்களின் பனி வீட்டைக் காட்டியதும், "கவுத்துப் போட்ட சட்டி" என்றார். மதிப்பெண் மிகவும் குறைந்தது. முதுமை மறதி நோய் என்று அறிக்கை வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். ஆகவே அறிக்கையை நம்பினோம். பீரோ சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அடுப்பருகே போக விடவில்லை. சீட்டு வேறு ஒருவர் கைக்குப் போயிற்று. "எனக்கு ஒண்ணும் மறக்கலடா தம்பி. வாய்க்கு வர நேரமாகுது, அவ்வளவுதான்" என்று அவர் பலமுறை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓராண்டு கழித்து, வேறோர் இடத்தில் ஒரு பெண் உளவியலாளர் அவரைச் சோதித்தார். எந்த ஊர், எவ்வளவு படிப்பு, என்ன வேலை செய்தீர்கள் என்று முதலில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முறம், ஏணி, மாடு, விளக்கு என்று தெரிந்த சொற்களை வாசித்துக் காட்டி, அரைமணி நேரத்துக்குப் பிறகு திருப்பிக் கேட்டார். மெதுவாகவேனும் பெரும்பாலான சொற்கள் வந்துவிட்டன. நினைவு நன்றாகவே இருக்கிறது. சொல்லைத் தேடி எடுக்கும் திறன்தான் பக்கவாதத்தால் தளர்ந்திருக்கிறது. அதற்குப் பயிற்சி தரலாம் என்பது அவர் முடிவு.

இப்போது பெரியம்மா பத்துப் பேர் சீட்டு ஒன்றை நடத்துகிறார். ஆனால் போன ஓராண்டு போனதுதான். முதலில் சோதித்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த கருவியை அவர் ஒழுங்காகவே பயன்படுத்தினார். கருவியின் சுழிப்பிழையைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதே குறை.

நரம்பு உளவியல் என்பது யாது?

மூளையின் எந்தப் பகுதி பழுதானால் மனத்தின் எந்தத் திறன் குன்றும் என்று ஆராய்வது நரம்பு உளவியல். 1861-ல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். அவருக்குப் பிறர் பேச்சு புரியும். அவர் வாயிலிருந்து 'டான்' என்ற ஓரசை மட்டுமே வரும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடப்பக்க முன்பகுதியில் சிதைவு தெரிந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அன்று வலுப்பெற்றது.

இத்துறையின் மற்றொரு மைல்கல் 1957-ல் வெளிவந்தது. எச்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு வலிப்பு நோயைத் தீர்க்க 1953-ல் மூளையில் அறுவை செய்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திர வடிவம் ஒன்றை வரையச் சொன்னார். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் இது எல்லோருக்கும் தடுமாற்றம் தரும் வேலை. எச்.எம். மூன்று நாள்களில் கைதேர்ந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததாக நினைவே இல்லை என்றார்! கை கற்றுக்கொண்டது, மனம் அதை அறியவில்லை. ஆகவே நினைவு என்பது ஒன்றல்ல, பல வகைப்படும் என்பது வெளிப்பட்டது.

கண்ணாடி என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் ஏற்படும் வலியை ஆராய்ந்தார். ஒரு பெட்டிக்குள் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் தெரியச் செய்தார். சிலருக்கு வலி குறைந்தது. ஒளி எதிரொளிப்பைப் பற்றிய உங்கள் பாடம் மூளை ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட விதத்தைப் பாருங்கள்!

1970-களில் வந்த சி.டி. ஸ்கேன் மூளையில் சிதைவு எங்கே என்று காட்டும். ஆனால் அந்த மனிதரால் சீட்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதை அது காட்டாது. அதைச் சொல்ல வேண்டியவர் நரம்பு உளவியலாளர். அவருடைய கருவியோ வெறும் சொற்களும் படங்களும் கேள்விகளும். ஆகவே அக்கருவிகளின் பிழை எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

சென்னையில் கூடிய நால்வர்

ஒரு துறை தனக்கென்று கழகம் அமைத்துக்கொள்ளும் கதையை நம் மாநிலத்திலிருந்தே தொடங்கலாம். ஜேக்கப் சாண்டி என்ற மருத்துவர், கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் நிலையத்தில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர். பிரெண்டா மில்னர் பின்னாளில் பணியாற்றியதும் அந்நிலையத்தில்தான். சாண்டி 1949-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அதே பணியைத் தொடங்கினார்.

நாடு முழுவதற்கும் இத்துறையினர் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்த காலம் அது. அவ்வளவு சிலருக்குக் கழகம் எதற்கு என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆயினும் 1951-ல் சென்னையில் சாண்டி, ராமமூர்த்தி ஆகிய இரு அறுவை மருத்துவர்களும், எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய இரு நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். சாண்டி முதல் தலைவரானார். இரண்டே ஆண்டுகளில், 1953-ல், அக்கழகம் ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கிற்று. அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கத்தி பிடிப்பவரும் மருந்து கொடுப்பவரும் தொடக்கத்திலிருந்தே ஒரே கழகத்தில் அமர்ந்தனர். ஒருவர் செய்த அறுவையின் விளைவை மற்றவர் கேட்டார். அச்சில் வந்த முடிவை நாட்டின் வேறோர் மூலையிலிருந்தும் ஒருவர் மறுத்துரைக்க முடிந்தது. தனியாக ஒருவர் தம் பிழையைக் காண்பது கடினம். நண்பர் கண்டு சொல்வது எளிது.

உளவியலாளர்களின் கழகம்

மனத்தை அளந்த உளவியலாளர்களுக்குத் தனி அமைப்பு உருவாகச் சற்றுக் காலம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்கள் ஏராளம். சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் லூரியா போன்றவர்கள் அவர்களைச் சோதித்துப் பல உண்மைகளைக் கண்டனர். ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மருத்துவமனைகளில், ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய முறையில் சோதித்து வந்தனர். மருத்துவர்களின் மாநாட்டில் அவர்கள் உளவியலாளர். உளவியலாளர்களின் மாநாட்டில் அவர்கள் ஏறக்குறைய மருத்துவர். இரண்டு வீட்டிலும் விருந்தாளி என்ற நிலை.

1967-ல் சர்வதேச நரம்பு உளவியல் கழகம் தோன்றியது. அதன் முதல் ஆண்டு மாநாடு 1973-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது. 1995-ல் கழகம் தன் ஆய்விதழைத் தொடங்கிற்று. இதற்கிடையில் அமெரிக்காவில் 1975-ல் நரம்பு உளவியலுக்கென்று தேசியக் கழகம் ஒன்று ஏற்பட்டது. 1980-ல் அந்நாட்டு உளவியல் சங்கத்தினுள்ளும் இதற்கு ஒரு தனிப் பிரிவு உண்டாயிற்று. 1997-ல் ஹூஸ்டன் நகரில் கூடிய மாநாடு, நரம்பு உளவியலாளராக விரும்புவோர் என்ன படிக்க வேண்டும், எவ்வளவு காலம் பயிற்சி பெற வேண்டும் என்று வரையறுத்தது. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பது அதன் முடிவு.

நம் நாட்டில் 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே 1974-ல் நிம்ஹான்ஸ் என்று நாம் அறியும் நிறுவனமாக விரிந்தது. மருத்துவ உளவியலாளர்களுக்கான இந்தியச் சங்கம் 1968-ல் உருவாயிற்று. நரம்பு உளவியல் பெரும்பாலும் இவர்களுக்குள் ஒரு கிளையாகவே இங்கு வளர்ந்தது.

கழகம் எதற்கு?

இங்கே இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் முழக்கோல் வேறாக இருந்தது. 1875-ல் 17 நாடுகள் பாரிசில் கூடி மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்பின் மீட்டர் எல்லோர்க்கும் பொதுவாயிற்று. அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நூறாண்டுக்கும் மேலாகக் கிலோகிராமுக்கு அடிப்படையாக இருந்த உலோக உருளையின் எடை, அதன் பிரதிகளோடு ஒப்பிடும்போது சிறிதே மாறிவருவதைக் கண்டனர். 2019-ல் அதைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்தனர். தன் அளவுகோலையே ஐயுறும் துணிவு, பலர் கூடிய அமைப்புக்குத்தான் உண்டு.

மனத்தை அளப்பதில் மீட்டருக்கு இணையானது என்ன? நலமாக உள்ள மக்களின் சராசரிதான். ஓர் உதாரணம் பார்ப்போம். இதில் வரும் எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. 15 சொற்களை வாசித்து, பிறகு எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்கிறோம். ஒரு மூதாட்டி 7 சொற்களைச் சொல்கிறார். கல்லூரிப் படிப்புள்ள முதியோரின் சராசரி 10, திட்ட விலக்கம் 2 என்று கொண்டால், இவர் சராசரிக்கு 1.5 திட்ட விலக்கம் கீழே இருக்கிறார், கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போகாத முதியோரின் சராசரி 8, திட்ட விலக்கம் 2 என்று கொண்டால், இவர் வெறும் 0.5 திட்ட விலக்கமே கீழே இருக்கிறார், கவலை வேண்டாம். அதே மூதாட்டி, அதே 7 சொற்கள். எந்தச் சராசரியோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் நோயாளியாகிறார், அல்லது நலமானவராகிறார்!

இந்தச் சராசரியை ஒரு தனி மனிதர் திரட்ட முடியுமா? வயது வாரியாக, படிப்பு வாரியாக, ஊர் வாரியாக நூற்றுக்கணக்கானவர்களைச் சோதிக்க வேண்டும். இருபது முப்பது ஆண்டுகளில் மக்களின் படிப்பும் பழக்கமும் மாறிவிடும். மீண்டும் திரட்ட வேண்டும். பத்து ஊர்களில் பத்துப் பேர் ஒரே முறையில் உழைத்தால்தான் இது நடக்கும். ஒரே முறை என்று வந்துவிட்டால் கூடிப் பேச வேண்டும். கூடிப் பேசுவதற்குப் பெயர்தான் கழகம்.

இரண்டு ஆட்சேபங்கள்

சங்கம் என்றால் மாலை, மேடை, தேர்தல், விருந்து என்பதுதானே வழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அத்தகைய சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். சிலவற்றுக்குச் சந்தாவும் கட்டியிருக்கிறேன். ஒரு கழகத்தின் தரத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. சென்ற ஆண்டு தான் சொன்ன எதையாவது இந்த ஆண்டு தவறென்று அது அறிவித்ததா என்று பாருங்கள். அறிவித்திருந்தால் அது வேலை செய்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. கழகம் தகுதியை உயர்த்திக்கொண்டே போனால், கதவு குறுகிவிடும். ஹூஸ்டன் மாநாடு வகுத்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், ராமநாதபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் உள்ள முதியவரைச் சோதிக்க யார் இருப்பார்? ஏற்கெனவே இத்துறையினர் இங்கு மிகக் குறைவு. இதற்கு என் விடை இதுதான்: கடுமை ஆளிடம் வேண்டாம், கருவியிடம் காட்டுங்கள். நன்கு சரிபார்த்த எளிய சோதனை ஒன்று இருந்தால், பயிற்சி பெற்ற செவிலியரும் அதை நடத்தி, ஐயத்துக்குரியவரை மட்டும் வல்லுநரிடம் அனுப்பலாம். சரிபாராத சோதனையை முனைவர் பட்டம் பெற்றவர் நடத்தினாலும் என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததே நேரும்.

தமிழுக்கு ஓர் அளவுகோல்

இது நடக்காத காரியமல்ல. 30 மதிப்பெண் கொண்ட சிறு மனநிலைச் சோதனை ஒன்று 1975-ல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது. ஹரியானா மாநிலம் பல்லப்கரில் எழுத்தறியாத கிராமத்து முதியோர் மிகுதி. அவர்களுக்கு அது பொருந்தாது என்று கண்ட ஆய்வாளர்கள், இந்தியில் புதிய வடிவம் ஒன்றை அமைத்து 1995-ல் வெளியிட்டனர். எழுத்துகளைத் திருப்பிச் சொல்வதற்குப் பதிலாக, வாரத்தின் நாள்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் கிழமை தெரியுமல்லவா!

1998-ல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவாயிற்று. மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதை அப்பெயர் சுட்டுகிறது. படிப்பறிவு குறைந்தவரைத் தவறாக நோயாளி என்று சொல்லிவிடாத சோதனைமுறை ஒன்றை அக்குழு உருவாக்கிற்று. நம் சென்னையும் வேலூரும் அதன் ஆய்வு மையங்களாக இருந்தன. 2004-ல் நிம்ஹான்ஸ், இந்தியருக்கான சராசரிகளோடு ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மொழிகளுக்குப் பொதுவான ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. முதலில் அது தயாரான மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த ஐந்தில் தமிழ் இல்லை.

இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட அல்ல. கேட்பவர் இருக்கும் இடத்துக்கே பொருள் போய்ச் சேரும். 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. இவர்களில் சேராத ஒருவரையும் இப்பட்டியலில் தள்ளிவிடவும் கூடாது. இரண்டுக்கும் சரியான அளவுகோல் தேவை.

ஆகவே தமிழ்நாட்டில் நரம்பு உளவியலில் உழைப்போர் வலுவான கழகமாகத் திரள வேண்டும் என்பது என் கருத்து. அதில் மருத்துவரும், உளவியலாளரும், பேச்சுப் பயிற்சியாளரும், தமிழாசிரியரும், புள்ளியியல் அறிந்தவரும் இடம்பெற வேண்டும். மதுராந்தகத்து மூதாட்டிக்கும் கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளிக்கும் நாகப்பட்டினத்து மீனவருக்கும் பொருந்தும் சொற்களையும் படங்களையும் அவர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். திரட்டிய சராசரிகளை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 1951-ல் நால்வர் போதுமாக இருந்தது. இன்று நம்மிடம் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கருவியின் பிழையை உங்கள் வகுப்பிலேயே காணலாம். அன்றாடம் புழங்கும் 10 தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத 10 ஆங்கிலச் சொற்களை மற்றொரு தாளில் எழுதுங்கள். நண்பர்கள் இருபது பேருக்கு முதல் பட்டியலை ஒருமுறை, நொடிக்கொரு சொல்லாக, வாசித்துக் காட்டி நினைவில் உள்ளவற்றை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் இரண்டாம் பட்டியலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டு சராசரிகளையும் ஒப்பிடுங்கள். ஒரே இரவில் உங்கள் வகுப்பின் நினைவாற்றல் குறைந்துவிட்டதா என்ன? யாருடைய மதிப்பெண்ணையும் கொண்டு அவரை மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சோதிப்பது நண்பரை அல்ல, பட்டியலை.

இன்னொன்றும் உங்களால் முடியும். சராசரி திரட்ட நோயாளிகளைவிட நலமானவர்களே அதிகம் தேவைப்படுவார்கள். என்றேனும் உங்கள் ஊருக்கு ஓர் ஆய்வாளர் தாளும் பென்சிலுமாக வந்து, "உங்கள் பாட்டியிடம் சில கேள்விகள் கேட்கலாமா?" என்றால், "எங்கள் பாட்டிக்கு ஒன்றுமில்லையே!" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒன்றுமில்லாத பாட்டிதான் அவருக்கு வேண்டும். பாட்டி "வைகாசி பத்து" என்று சொன்னால், அதைத் தாளில் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.